பொட்டாஷில் இருந்த இரும்பு

“இரும்பு உன் கையிலேருந்து வந்திருக்கும்மா.”

ஆண்டு ஆய்வுக் கூட்டத்தில், வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து வந்திருந்த இரண்டு பேராசிரியர்களுக்கு முன்னால், என் நெறியாளர் இதைச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். திரையில் நான் போட்ட வரைபடம். ஒரு கோடு விறுவிறுவென மேலே ஏறும், இன்னொன்று தரையோடு தரையாகக் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே பூச்சு, ஒரே கருவி. கரைசல் மட்டும் வேறு. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடம்தான் என்னுடைய ஒரு வருட வேலை.

முந்தின நாள் சாயங்காலம் இதே படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “தைரியமா சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்ல” என்று சொன்னவரும் அவர்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். ஊர், கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அப்பாவும் அம்மாவும் மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் போடுகிறார்கள். கோவில்பட்டியிலேயே ஒரு கல்லூரியில் வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு எனக்கு இடம் கிடைத்தபோது, தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிற வேலை என்று வீட்டில் சொன்னேன். பெரியப்பா அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனார். “குடிக்கத் தண்ணியக் காணும், இவ தண்ணியப் பொளக்கப் போறாளாம்ல” என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குத் திமிர் என்று ஊரில் ஏற்கெனவே பெயர் உண்டு. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலை என்னவென்றால் இதுதான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று ஒரு காரம். சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகளாக வரும். ஈரக் கையில் பட்டால் முதலில் சோப்பு மாதிரி வழுக்கும், பிறகு எரிக்கும். ஆய்வகத்தில் எல்லோரும் கே.ஓ.எச். என்பார்கள். வீட்டில் சொல்லும்போது நான் பொட்டாஷ் என்று சொல்லிவிட்டேன். “நம்ம பருத்திக்குப் போடுத பொட்டாஷா?” என்று அப்பா கேட்டார். அது வேறு உப்பு, ஆனால் உள்ளே இருக்கும் உலோகம் ஒன்றுதான் என்றேன். அதற்குப் பிறகு எனக்கும் அது பொட்டாஷ்தான்.

பொட்டாஷைத் தண்ணீரில் கரைத்து, இரண்டு தகடுகளை அதில் நிறுத்தி மின்சாரம் கொடுத்தால் ஒரு தகட்டில் ஹைட்ரஜன் வரும், மறு தகட்டில் ஆக்சிஜன் வரும். ஹைட்ரஜன் சுலபமாக வந்துவிடும். ஆக்சிஜன்தான் சோம்பேறி. அதைக் கிளப்ப மின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், மின்சாரம் வீணாகும். தகட்டின்மேல் நல்ல வினையூக்கியைப் பூசினால் குறைந்த அழுத்தத்திலேயே குமிழி குமிழியாக வரும். அந்தப் பூச்சு எதுவாக இருக்கலாம் என்றுதான் பலரும் தேடுகிறார்கள். எங்கள் ஆய்வகத்தின் பூச்சு நிக்கலும் கோபால்ட்டும் கலந்தது. என் நெறியாளர் மேடம் அதைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டிருந்தார். அவருடைய பெயர் அந்தப் பூச்சோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சேர்ந்தபோது எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, அதை இன்னும் கொஞ்சம் மேம்படுத்துவது.

முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே வந்தன. பிறகு பொட்டாஷ் தீர்ந்து, புது புட்டி வாங்கினார்கள். இந்த முறை விலை கூடின, சுத்தம் கூடின சரக்கு. அன்றிலிருந்து என் தகடுகள் படுத்துவிட்டன. நான் பூசியது சரியில்லை என்றார் மேடம். மறுபடி பூசினேன். தகட்டை அமிலத்தில் கழுவி, புதிதாகப் பூசி, காயவைத்து, திரும்பவும் பூசினேன். கோடு ஏறவில்லை.

எங்கள் ஊரில் பருப்பு வேகவில்லை என்றால் யாரும் பருப்பைத் திட்ட மாட்டார்கள். “எந்தத் தண்ணியில போட்ட?” என்றுதான் கேட்பார்கள். ஊர் போர் தண்ணீர் உப்பு. குளிக்கலாம், மாட்டுக்குக் காட்டலாம், ஆனால் பருப்பு அதில் எத்தனை நேரம் கொதித்தாலும் கல்லுப் போலவே கிடக்கும். ஓடைப் பக்கத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தனியாக வரும், அது பருப்புக்கு மட்டும். அந்தக் குடத்தில் டம்ளரை விட்டால் அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். கல்லூரிக்கு வந்த பிறகுதான் அதற்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும் என்று பெயர் சொல்லத் தெரிந்தது.

தகட்டைத் திட்டித் திட்டி அலுத்துப்போன ஒரு மதியம், எந்தத் தண்ணியில போட்டேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பழைய புட்டியின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்துக் கரைத்து, அன்று காலையில் பூசிய தகட்டை அதில் நிறுத்தினேன். கோடு ஏறியது. அதே நேரத்தில் பூசிய மற்றொரு தகட்டைப் புதுக் கரைசலில் நிறுத்தினேன். கோடு படுத்துக்கொண்டது. பழைய சரக்கில் கூடுதலாக இருந்தது என்ன? புட்டியின்மேல் எந்தெந்த உலோகம் எவ்வளவு வரை கலந்திருக்கலாம் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். யாரும் படிப்பதில்லை. அதில் இரும்பு இருந்தது. புதுக் கரைசலில் துளியிலும் துளியாக இரும்பு உப்பைச் சேர்த்தேன். கோடு துள்ளி எழுந்தது.

பிறகு நூலகத்தில் உட்கார்ந்து தேடினால், வெளிநாடுகளில் இதைப் பலர் பல வருடங்களுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். காரக் கரைசலில் மாசாக இருக்கும் இரும்பு நிக்கலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வேலையை அதுதான் செய்யும், பெயர் நிக்கலுக்குப் போகும். அதனால் நான் உலகத்துக்கு எதையும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் எங்கள் பூச்சை யாரும் அப்படிச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. கோபால்ட்டின் பெருமை என்று நாங்கள் சொல்லிவந்தது கோபால்ட்டின் பெருமை அல்ல. அதைக் காட்டியது நான்தான்.

உறுதிப்படுத்த ஒரே வழி, பழைய ரகப் பொட்டாஷில் இன்னொரு புட்டி வாங்கி, அதிலிருந்து இரும்பை நீக்கிவிட்டு அளப்பது. அந்த முறை வேடிக்கையானது. நிக்கல் ஹைட்ராக்சைடை வெளிர்ப் பச்சைக் கூழாகத் தயாரித்து, பலமுறை கழுவி, பொட்டாஷ் கரைசலில் போட்டுக் குலுக்கி வைக்க வேண்டும். கரைசலில் இருக்கும் இரும்பை அது இழுத்துப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கும். மேலே இருக்கும் தெளிவை மட்டும் இறுத்து எடுக்க வேண்டும். எல்லாமே பிளாஸ்டிக்கில்தான். காரம் கண்ணாடியைத் தின்னும், தின்ற கண்ணாடியிலிருந்தும் இரும்பு வரும். நான் அந்தப் புட்டிகளை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய மாதிரி என் சொந்தச் சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கழுவியதில்லை. சுத்தம் செய்த கரைசலில் எங்கள் புகழ்பெற்ற பூச்சு செத்துப் படுத்தது.

இதைத்தான் ஆய்வுக் கூட்டத்தில் காட்டினேன். வெளியூர்ப் பேராசிரியர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மேடத்தைப் பார்த்தார். “அப்போ உங்க முந்தின பேப்பர்கள்ல வேலை செஞ்சதும் இரும்புதானா மேடம்?”

அதற்கு மேடம் சொன்ன பதில்தான், இரும்பு என் கையிலிருந்து வந்திருக்கும் என்ற அந்த வாக்கியம். அதோடு நிற்கவில்லை. “கிராமத்துலேருந்து பஸ்ல வர்ற பிள்ள சார். கரிசல் மண்ணு கால்லயும் கையிலயும் ஒட்டிக்கிட்டே வந்திருக்கும்.” இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு. நான் கையுறை போட்டிருந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “அடுத்த ஸ்லைடு போம்மா” என்றார் மேடம்.

வேறு ஒருவர் இதே சோதனையைத் திரும்பச் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்று குழு எழுதிவிட்டுப் போனது.

ஆய்வகத்தில் எனக்கு மூத்தவள் ஒரு அக்கா. ஓட்டப்பிடாரம் பக்கம். கல்யாணமாகி, ஆய்வேட்டை எழுதி முடிக்கும் கட்டத்தில் இருந்தவள். தினமும் என் டிபன் பாக்ஸை என்னைக் கேட்காமலே திறப்பாள். “ஏட்டி, இன்னைக்கும் கத்தரிக்காயா? ஒங்க காட்டுல வேற எதுவும் மொளைக்காதா?” என்று சொல்லிக்கொண்டே பாதியைத் தின்றுவிடுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும். கூட்டம் முடிந்து நான் படியில் உட்கார்ந்திருந்தபோது அவள்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் செஞ்சு தாரேன். மொதல்லேருந்து கடைசி வரைக்கும் என் கை. நீ தொடவே வேண்டாம்.”

அப்படியே செய்தோம். கூழ் தயாரித்தது அவள், குலுக்கியது அவள், பூசியது அவள், அளந்தது அவள். என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நான் வாசற்படியில் நின்றேன், உள்ளே கால் வைக்கவில்லை. “வீட்டுக்குத் தூரமா நிக்கவ மாதிரி நிக்கியே” என்று கேலி செய்தாள். கடைசியில் கருவித் திரையில் கோடு கீழேயே கிடந்தபோது, கையுறையைக் கழற்றி வீசிவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “பாத்தியாட்டி? என் கையிலயும் இரும்பு இல்ல!” நாங்கள் சத்தம் போட்டுச் சிரித்ததில் பக்கத்து ஆய்வகத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அந்த அளவுகளை என்னுடையவற்றோடு சேர்த்து மேடத்திடம் கொண்டுபோனேன். “சரி, வச்சிட்டுப் போ” என்றார். பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நானாகக் கேட்டபோதெல்லாம் வேறு வேலை கொடுத்தார். நானும், அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், சொந்தக் கட்டுரைகளைத் திருத்த வேண்டும் அல்லவா, அவகாசம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி அவருக்காக நினைத்துக்கொண்டதுதான் இப்போது எனக்கு அதிகமாக வலிக்கிறது.

எங்கள் கல்லூரியிலேயே ஒரு கருத்தரங்கம் நடந்தது. என்னை வரவேற்பில் போட்டிருந்தார்கள். பட்டுச்சேலை கட்டி, பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்று வருகிறவர்கள்மேல் தெளித்துக்கொண்டிருந்தேன். கூட்டம் குறைந்ததும் அரங்கத்துக்குள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் அக்கா. திரையில் என் இரண்டு கோடுகள். நிறம்கூட மாற்றவில்லை. காரக் கரைசலில் இரும்பு மாசின் பங்கு என்று தலைப்பு. அதன் கீழே அக்காவின் பெயர், மேடத்தின் பெயர்.

நான் என் பெயரைத் தேடினேன். தலைப்பில் இல்லை. கடைசிப் பக்கத்தில் இருந்தது, நன்றிக்குரியவர்களில் ஒருத்தியாக. கரைசல் தயாரிப்பில் உதவியவள்.

நிக்கல் ஆக்சிஜனை இழுப்பதாக எல்லோரும் நம்பியிருக்க, இரும்பு அங்கே சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்ததை அக்கா நன்றாகவே விளக்கினாள். நான் வாசற்படியில் நின்று சொன்ன அதே வார்த்தைகளில் விளக்கினாள். மேடம் முதல் வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தார். பழைய கட்டுரைகளை அவர்களே கேள்விக்கு உட்படுத்தியது எவ்வளவு நேர்மை என்று ஒருவர் எழுந்து பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். என் மடியில் பன்னீர்ச் செம்பு இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும் இடத்தில் அக்காவைப் பிடித்தேன்.

“என்னக்கா இது?”

“நான் என்னட்டி செய்ய? மேடந்தான் பேசச் சொன்னாவ.”

“எம்பேரு எங்கக்கா?”

“இருக்குல்லா, கடைசில.” குழாயை மூடாமலே நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “செஞ்சது பூராம் என் கைதான? அளந்தது நான்தான? இல்லன்னு சொல்லுவியா நீ?”

“யாருக்காக அளந்தீங்க?”

“ஏட்டி, எனக்கு இந்த வருசம் தீசிஸ் குடுத்தாகணும். மாமியா வீட்டுல தெனமும் கேக்காவ, எப்ப முடிப்ப, எப்ப முடிப்பன்னு. ஒனக்கு என்ன? இன்னும் காலம் கெடக்கு.”

“கேட்டிருக்கலாம்லா, எங்கிட்ட.”

“கேட்டா குடுத்திருப்பியா?”

கொடுத்திருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கேட்காமல் எடுத்திருக்கிறாள். குழாயை நான் மூடிவிட்டு வந்தேன்.

மேடத்தின் அறைக்கு மறுநாள் போனேன். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“உன் கையிலேருந்து வரலன்னு நிரூபிக்கணும்னு நின்ன. நிரூபிச்சாச்சு. இப்ப என்ன?”

“வேலை என்னோடது மேடம்.”

“என் லேப்ல நடக்கிற வேலை என்னோடது. உன்ன மாதிரி பேக்ரவுண்ட்லேருந்து வர்ற பிள்ளைங்கள வேற யார் எடுத்திருப்பா? அத யோசிச்சுப் பாத்தியா?”

யோசித்துப் பார்த்தேன். இதுவரை அதை ஒரு நன்றியாகத்தான் யோசித்திருந்தேன். என்னை எடுத்துக்கொண்டதற்காக அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் தானாகவே பணிந்துவிடும். உளுந்து அறுவடையானதும் முதல் படியை அம்மா புடைத்து, கல் பொறுக்கி, மஞ்சள் பையில் கட்டி மேடம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவாள். நானும் பெருமையாகத் தூக்கிக்கொண்டு போவேன். அவரும் வாங்கிக்கொள்வார். “உங்க ஊர் உளுந்துல தோசை என்னமா வருது!” என்பார். அந்த மனுஷிதான், வெளியாட்கள் முன்னால் அதே கரிசல் மண்ணை என் கையில் ஒட்டியிருந்த அழுக்கு என்று சொன்னவர். கூட்டத்தில் சொன்னபோது அவருக்கு வேறு வழி தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்று சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அப்படி இல்லை. அவர் என்னைப் பற்றி எப்போதும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அந்த வாரம் ஒரு நாள் காலையில் நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மா உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சரம்மாவுக்கு எடுத்து வச்சிருக்கேன், போவும்போது கொண்டுட்டுப் போ.”

“நான் கொண்டு போவ மாட்டேன்.”

என்னவென்று கேட்டாள். சொன்னேன். இரும்பு, பொட்டாஷ், மேடை, பெயர் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடித்ததும், “எதுத்துப் பேசிட்டியா?” என்றாள். அதுதான் அவள் முதலில் கேட்டது.

“பேசினேன்.”

“ஏன்ட்டி இப்படிப் பண்ணுத? அவிய நெனச்சா ஒன்னய முடிக்க விட மாட்டாவ. பட்டத்த வாங்குத வரைக்கும் பொறுத்துக்கிட்டா என்ன கொறைஞ்சு போவ? இந்த வருசம் ரெண்டு படியாக் கொண்டு போ. கோவம் ஆறிரும்.”

அப்பா வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அம்மாவின்மேல் எனக்கு வந்த கோபம் நியாயமில்லாதது. அவள் வாழ்க்கை முழுக்க யார் யாருக்கோ இப்படித்தான் இரண்டு படி கொடுத்துக் காரியம் முடித்திருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் என் பக்கம் பேச எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, யாரும் இல்லை. அன்று நான் சாப்பிடாமலே பஸ் ஏறினேன். மஞ்சள் பை அங்கேயே இருந்தது.

முடிக்க விட மாட்டார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. பட்டம் இல்லாமல் திரும்பினால் பெரியப்பாவுக்கு டீக்கடையில் சொல்ல ஒன்று கிடைக்கும் என்பது மட்டுமல்ல. எங்கள் தெருவில் பத்தாவது படிக்கும் பெண்களை மேலே படிக்கவைப்பதா வேண்டாமா என்று பேசும்போது என்னைத்தான் காட்டிப் பேசுகிறார்கள். ஆனால் இங்கேயே இருந்து முடித்தால், இனி நான் எதை அளந்தாலும் அது யார் பெயரில் மேடை ஏறும் என்று தெரியாமல்தான் அளக்க வேண்டும். ஒரு வாரம் ஆய்வகத்துக்குப் போனேன், புட்டிகளைக் கழுவினேன், அக்காவோடு பேசவில்லை. அவளும் என் டிபன் பாக்ஸைத் தொடவில்லை. பிறகு நெறியாளரை மாற்றிக்கொள்ள விண்ணப்பித்தேன். ஆட்சேபணை இல்லை என்று மேடம் கையெழுத்துப் போட வேண்டும். “யாரு எடுக்கிறான்னு பாத்துட்டு வா, அப்புறம் போடுறேன்” என்றார். அவர் கையெழுத்து இல்லாமலே, காரணத்தை ஒளிக்காமல் எழுதி, பல்கலைக்கழகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

திருநெல்வேலியில் ஒரு பேராசிரியை என்னை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். நல்லவராகத்தான் தெரிகிறார். முன்பும் ஒருவர் அப்படித்தான் தெரிந்தார். அதனால் முதல் சந்திப்பிலேயே, நான் செய்யும் வேலையில் என் பெயர் எங்கே வரும் என்பதை வேலை தொடங்குமுன் மின்னஞ்சலில் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. ஆனால் நான் பஸ் நிலையம் வந்து சேர்வதற்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது.

மேடத்தின் ஆய்வகத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று என்னிடம் மிச்சம் இருந்தது. பொட்டாசியத்துக்குப் பதில் சோடியம் இருந்தால், லித்தியம் இருந்தால் என்ன ஆகும்? இரும்பை முழுதாக நீக்கிய பிறகும், ஹைட்ராக்சைடோடு ஜோடியாக வருகிற உலோகம் மாறினால் எங்கள் பூச்சில் ஆக்சிஜன் வருகிற வேகம் மாறுமா? மற்றப் பூச்சுகளில் மாறும் என்று படித்திருக்கிறேன். கோபால்ட் கலந்ததில் நானே பார்க்க வேண்டும்.

மாற்றல் ஆணை இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருக்க வேண்டாம், என் ஆய்வகத்தைப் பயன்படுத்திக்கொள் என்று திருநெல்வேலிப் பேராசிரியை சொல்லியிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை போய், மூன்று பிளாஸ்டிக் புட்டிகளை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன். முதல் புட்டியில் லித்தியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து, பச்சைக் கூழைப் போட்டு, மூடியை இறுக்கிக் குலுக்கி வைத்துவிட்டு, நாலரை மணி கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினேன்.